குதிரைக்குப் போட்ட பலகை

உங்களைக் கடைசியாக யார் தூக்கினார்கள், நினைவிருக்கிறதா?

பெரும்பாலோருக்கு இருக்காது. ஐந்து வயதிலோ ஆறு வயதிலோ, வழியில் தூங்கிப்போன ஒரு மாலையில், அப்பாவோ மாமாவோ தோளில் போட்டுக்கொண்டு வந்திருப்பார். அதோடு சரி. இனி ஒரே ஒரு முறை நாலு பேர் தூக்குவார்கள். அதைப் பற்றி உங்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்க மாட்டார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதைத்தான் நாம் வாழ்க்கை என்கிறோம்.

லிப்ட் அக்காவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மூன்று வயதில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது கால்களின் பலத்தை எடுத்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து அவரைத் தூக்காதவர்கள் ஊரில் குறைவு. பள்ளிக்கூடப் படிகளில் வாத்தியார் தூக்கினார். தேர்வு மண்டபம் மாடியில் இருந்ததால் காவலாளி தூக்கினார். திருமணப் பதிவு அலுவலகமும் மாடியில்தான். அங்கே சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர்களே தூக்கினார்கள். தூக்கியவர்களில் நல்லவர்கள் உண்டு, முணுமுணுத்தவர்கள் உண்டு, கை போகக் கூடாத இடத்துக்குக் கையைக் கொண்டுபோனவர்களும் உண்டு. இறக்கி வைத்த பிறகு எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள். நன்றிக்காகக் கொஞ்ச நேரம் நின்றார்கள்.

கடவுள் உன்னைச் சோதிக்கிறார் என்று ஆறுதல் சொன்னவர்களும் இருந்தார்கள். சோதனை வைப்பதில் அக்காவுக்கு ஆட்சேபம் இல்லை. அந்த மண்டபத்தைக் கீழ்த்தளத்தில் வைத்தால் என்ன என்பதுதான் அவருடைய கேள்வி. கட்டடத்துக்கு வரைபடம் போட்டவர் கடவுள் அல்ல, சம்பளம் வாங்கிய ஒரு பொறியாளர் என்பது அவருக்குச் சிறுவயதிலேயே தெரிந்துவிட்டது. யாரைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் வழிபாட்டு நேரம் நிறைய மிச்சமாகிறது.

நாற்பதைத் தாண்டிய அக்கா லிப்ட் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறார். பெயர் அதனால் வந்ததுதான். நகரத்தில் எங்காவது ஒரு லிப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர் சிவப்புப் பொத்தானை அழுத்துவார். மணி அக்காவின் மேஜையில் அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அந்த ஆளைப் பேச வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். "கதவை நீங்களா திறக்காதீங்க, பொறுமையா இருங்க, ஆள் வந்துட்டே இருக்காங்க" என்பது எப்போதும் சொல்கிற முதல் வாக்கியம். ஆள் அநேகமாக அப்போது டீ குடித்துக்கொண்டிருப்பார்.

மாட்டிக்கொண்டவரிடம் குடும்பத்தைப் பற்றி விசாரியுங்கள் என்று நிறுவனம் பயிற்சி கொடுத்திருந்தது. அக்கா விசாரித்துப் பார்த்தார். பாதிப் பேர் அழுதார்கள். மீதிப் பேர் தம்பியோடு நடக்கும் சொத்து வழக்கைச் சொல்லத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர், கதவு திறந்த பிறகும் தீர்ப்பு விவரம் பாக்கியிருக்கிறது என்று உள்ளேயே நின்றார். ஆகவே அக்கா கேள்வியை மாற்றினார். எங்காவது பயணம் போக வேண்டும் என்று நினைத்ததுண்டா? நாலு சுவருக்குள் நிற்கிறவரிடம் கேட்க இதைவிட நல்ல கேள்வி இல்லை.

நீராவி ரயில் அப்படித்தான் வந்து சேர்ந்தது. ஒரு பல் மருத்துவர், வாய் மரத்துப்போன நோயாளியை நாற்காலியில் விட்டுவிட்டு, வாசலுக்கு வந்த பார்சலை வாங்கக் கீழே இறங்கியவர், பாதியில் நின்றுவிட்டார். நோயாளிக்கு மரப்பு தெளிந்துவிடுமே என்று பதறினார். அக்கா பயணத்தைப் பற்றிக் கேட்டதும் சற்று அடங்கி, மலைப்பாதையில் இன்னும் கரி போட்டு ஓட்டும் ஒரு பழைய ரயிலைப் பற்றிச் சொன்னார்.

"ஏத்தத்துல அந்த எஞ்சின் மூச்சு வாங்கறத நீங்க கேக்கணும்மா. ஒவ்வொரு மூச்சுக்கும் நம்ம பெட்டிய ஒரு இழு இழுக்கும். மேல ஏர்றது எவ்வளவு கஷ்டம்னு மறைக்காத ஒரே வண்டி அதுதான்."

கடைசி வாக்கியம் அக்காவைப் பிடித்துக்கொண்டது. மேலே ஏறுவது கஷ்டம் என்று ஒப்புக்கொண்ட ஒரு இயந்திரத்தைப் பற்றி அவர் அதுவரை கேள்விப்பட்டதில்லை. அவர் வேலை பார்த்த இடத்தில் எல்லா விளம்பரமும் அதற்கு நேர்மாறாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று முதல் மாட்டிக்கொண்டவர்களிடம் அவர் நீராவி ரயிலைப் பற்றியே கேட்டார். போய் வந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். எஞ்சினுக்கு அடுத்த பெட்டியில் சத்தம் நன்றாகக் கேட்கும், ஆனால் கரித்தூள் கண்ணில் விழும், வெளிர் நிறத்தில் உடுத்தாதே என்றார் ஒரு செவிலி. பாய்லர் கழுவும் நாளில் டீசல் எஞ்சினை மாட்டிவிடுவார்கள், கட்டணம் மட்டும் நீராவிக்கு வாங்குவார்கள், கேட்டுக்கொண்டு போ என்றார் ஒரு வழக்கறிஞர். வெயில் காலத்தில் காடு காய்ந்து கிடக்கும், பொறி பறந்தால் பற்றிக்கொள்ளும் என்று எஞ்சினைக் கொட்டகையிலேயே நிறுத்திவிடுவார்கள், மழை ஓய்ந்த பிறகு போ என்று ஒரு வீட்டுத் தரகர் சொன்னார். பாதி வழியில் தண்ணீர் பிடிக்க நிற்கும், எல்லோரும் படம் எடுக்க இறங்குவார்கள், நீ இறங்காதே, அப்போதுதான் ஜன்னலில் மலை தெரியும் என்று சொன்னவர் ஒரு தபால்காரர். மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நடுவில் நின்றவர்கள் கூடிப் போட்ட திட்டம் இது. உலகத்தில் பல திட்டங்கள் அப்படித்தான் போடப்படுகின்றன.

இத்தனை பேரில் ஒருவர்கூடப் பெட்டியின் படி எவ்வளவு உயரம் என்று சொல்லவில்லை. மிதித்து ஏறியவர்களுக்குப் படி ஞாபகம் இருப்பதில்லை.

படியைப் பற்றிக் கவலைப்பட்டவர் அக்காவின் கணவர். வீடு மாற்றிக் கொடுப்பது அவருக்குத் தொழில். ஒரு லாரி, கொஞ்சம் கயிறு, பழைய போர்வைகள், இரண்டு ஆள்கள். மாடிப்படியில் பீரோ இறக்கும்போது எப்போதும் மேல் முனையைப் பிடிப்பவர் மேல்பிடி, கீழ் முனையைப் பிடிப்பவர் கீழ்பிடி. இருவருக்கும் வீட்டில் வைத்த பெயர்கள் இருக்கின்றன. அவர்களுடைய மனைவிமார்களே இப்போது அதைச் சொல்வதில்லை.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் கணவர் வீடு முழுக்கச் சுற்றி வந்து, லாரியில் ஏற வேண்டிய சாமான் ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் ஒரு சாய்வுக் கோடு போடுவார். கோடு இருந்தால் போகும், இல்லாவிட்டால் இருக்கும். பிறகு யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. ஒரு முறை சமையலறைச் சுவரில் அவர் கை துடைத்த கோட்டைப் பார்த்துவிட்டு, கீழ்பிடி சுவரையே கொஞ்ச நேரம் யோசனையோடு பார்த்துக்கொண்டு நின்றாராம்.

அக்காவும் கணவரும் சந்தித்ததே அப்படித்தான். அக்காவின் பெற்றோர் வீடு மாறினார்கள். கூடம் காலியாகிவிட்டது; நடுவில் சக்கர நாற்காலியில் அக்கா மட்டும் இருந்தார். மேல்பிடி நாற்காலியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல கோடு இல்லையே, எடுக்கணுமா வேணாமா?" என்று கேட்டார். வீட்டில் எல்லோரும் தூக்கத் தயாராக வந்தார்கள். வருங்காலக் கணவர்தான் குனிந்து அக்காவைக் கேட்டார்: "நீங்களே வர்றீங்களா? லாரிப் பலகையப் போடவா?" பீரோ ஏறும் பலகையை வாசல் படியில் போட்டார்கள். அக்கா தானே உருட்டிக்கொண்டு இறங்கினார். அதுவரை அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. திருமணம் முடிவாவதற்கு அது போதுமானதாக இருந்தது.

ஆனால் நல்ல மனிதர்களுக்கும் தொழில் புத்தி போவதில்லை. ரயில் பயணம் என்றதும் கணவர், "தூக்கிடலாம், அதென்ன பெரிய விஷயம்" என்றார். அக்கா கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"நான் பீரோ இல்லங்க."

"நான் அப்படிச் சொல்லலயே."

"இந்த ஒரு பயணத்துல என்னை யாரும் தூக்கக் கூடாது. நீங்களும்தான். ஏறினா நானா ஏறுவேன். முடியலன்னா ரயில் கிளம்பறதப் பாத்துட்டுத் திரும்பிடுவேன். தூக்கினீங்கன்னா, அது நான் போன பயணம் இல்ல, நீங்க கொண்டுபோன சாமான்."

கணவர் தன் டீயையும் கீழே வைத்தார். பிறகு சத்தியம் செய்யட்டுமா என்று கேட்டார். சத்தியத்தில் எல்லாம் நம்பிக்கை இல்லை, சொன்னதைச் செய்தால் போதும் என்று அக்கா சொல்லிவிட்டார்.

நீராவியில் ஓடும் பாரம்பரிய ரயில்கள் மூன்றுக்கு அக்கா தொலைபேசினார். முதல் இடத்தில், சக்கர நாற்காலியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்றார்கள். எதில் உட்கார்ந்து வருவது என்று கேட்டதற்கு, அது உங்கள் வசதிப்படி என்றார்கள். இரண்டாவது இடத்தில், துணைக்கு நாலு திடமான ஆள்களைக் கூட்டிவாருங்கள், அவர்களுக்கும் முழு டிக்கெட் என்றார்கள். மூன்றாவது, பல் மருத்துவர் சொன்ன மலை ரயில். அதன் நிலைய மேலாளர் மரியாதையானவர். ஏறுவதற்குச் சாய்தளம் உண்டா என்று கேட்டபோது அவர் வருத்தத்தோடு பேசினார்.

"அம்மா, இது பாரம்பரிய ரயில். அந்தக் காலத்துல எப்படி இருந்துதோ அப்படியே வெச்சிருக்கோம். சாய்தளம் போட்டா பாரம்பரியம் கெட்டுடும் பாருங்க."

சீட்டுக்கு அடியில் போன் சார்ஜ் செய்யும் வசதி உண்டு என்று விளம்பரத்தில் படித்தேனே என்று அக்கா கேட்டார். அது பயணிகளின் வசதிக்காக என்றார் மேலாளர். இருக்கையில் பஞ்சு மெத்தை? அதுவும் வசதிதான். ஒலிபெருக்கியில் பாட்டு? மக்கள் விரும்புகிறார்கள். சரி, என் கணவரின் லாரிப் பலகையைக் கொண்டுவரட்டுமா? வெளிப் பொருள்களை நடைமேடையில் வைக்க அனுமதி இல்லை, பாதுகாப்புப் பிரச்சினை.

இந்த நாட்டில் என்று இல்லை, எந்த நாட்டிலும் பாரம்பரியம் இப்படித்தான் நடந்துகொள்கிறது. பணம் கொடுப்பவருக்கு வளைந்து கொடுக்கும். நியாயம் கேட்பவரிடம் மட்டும் அதற்கு முதுகெலும்பு முளைத்துவிடும்.

அக்கா டிக்கெட் வாங்கினார். டிக்கெட் விற்கிறவர்கள் கால் இருக்கிறதா என்று கேட்பதில்லை. மழை ஓய்ந்து, பாய்லர் கழுவும் நாளும் இல்லாத ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தார். எஞ்சினுக்கு அடுத்த பெட்டி. கறுப்புச் சட்டை ஒன்றை இஸ்திரி போட்டு எடுத்து வைத்தார்.

புறப்படும் காலையில் லாரியின் பின்பக்கம் மேல்பிடியும் கீழ்பிடியும் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் குளித்து, தலை வாரி, கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி இருந்தார்கள். இவர்கள் எதற்கு என்று அக்கா கணவரைப் பார்த்துக் கேட்டார்.

"பாவம், அவங்களும் ரயில் பாத்ததில்ல."

"போன மாசம் ஸ்டேஷன்ல பார்சல் இறக்கினாங்களே, அது என்ன? கப்பலா?"

"நீராவி ரயில் பாத்ததில்லன்னு சொன்னேன்."

மேல்பிடி பின்னாலிருந்து, "அண்ணி, நாங்க கைய பாக்கெட்லயே வெச்சிருப்போம்" என்றார். அப்படி ஒரு உறுதிமொழியைக் கேட்காமலே கொடுத்ததிலிருந்து, தனக்குத் தெரியாமல் என்ன பேசி வைத்திருக்கிறார்கள் என்பது அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அதன் பிறகு அவர் அடிவாரம் வரை ஜன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டு வந்தார்.

நிலையம் சின்னது, துடைத்து வைத்த மாதிரி இருந்தது. டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் பழைய சாமான் கொட்டகை ஒன்றைக் காட்சிக்கூடமாக மாற்றியிருந்தார்கள். கை விளக்குகள், கொடிகள், கரி அள்ளும் மண்வெட்டிகள். ரயில் வர நேரம் இருந்ததால் நால்வரும் உள்ளே போனார்கள். கடைசியில், கயிறு கட்டிய தடுப்புக்குப் பின்னால், நீளமான ஒரு மரப்பலகை கிடந்தது. அகலமானது. குறுக்கே வரிசையாக மரச்சட்டங்கள் அடித்திருந்தன. பக்கத்தில் ஓர் அறிவிப்பு: அக்காலத்தில் செல்வந்தர்கள் மலைக்கு வரும்போது அவர்களுடைய குதிரைகள் மிரளாமல் பெட்டியில் ஏறுவதற்காகச் செய்யப்பட்ட சாய்பலகை. அசல். தொடாதீர்கள்.

அக்கா அதை இரண்டு முறை படித்தார்.

குதிரையை யாராலும் தூக்க முடியாது. அதனால் அதற்குப் பலகை செய்தார்கள். அது மிரளக் கூடாது என்றும் யோசித்திருக்கிறார்கள். தூக்க முடிகிற அளவுக்கு எடை குறைந்த உயிர்களுக்குத்தான் இந்த உலகத்தில் சிக்கல்.

அக்கா மேலாளரைத் தேடிப் போனார். மேல்பிடியும் கீழ்பிடியும் டீ குடிக்க வெளியே போனார்கள். கணவர் அங்கேயே நின்றார். எதைக் கண்டாலும் அளந்து பார்க்காமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது. கயிற்றைத் தாண்டிப் போய் டேப்பைப் போட்டார். பலகை டேப்பைவிட நீளம். டேப் முடிந்த இடத்தில், மறுபடி அங்கிருந்து அளப்பதற்காக, பாக்கெட்டிலிருந்து சாக்பீஸை எடுத்து ஒரு சின்ன சாய்வுக் கோடு இழுத்தார். மீதியையும் அளந்தார். ரயில் வந்ததும் பெட்டியின் வாசலை அளக்கலாம் என்று நடைமேடைக்குப் போனார். சாக்பீஸ் கையில் இருந்தால் அந்தக் கை எப்படிக் கோடு போடும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

மேலாளர் அக்காவை வரவேற்றார். பலகையைப் பற்றிச் சொன்னதும் முகம் சுருங்கியது. அது காட்சிப் பொருள், எடுக்க மேலிடத்து உத்தரவு வேண்டும் என்றார். ஆனால் அக்கா கவலைப்பட வேண்டாம், தானே ஓர் ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னார். ஏற்பாடு நடைமேடையில் நின்றது. சீருடை அணிந்த நாலு ஊழியர்கள், பக்கத்தில் கேமராவோடு ஒருவர். ஊழியர்கள் அக்காவைத் தூக்கி ஏற்றுவார்கள், அதைப் படம் எடுத்து ரயிலின் விளம்பரத்தில் போடுவார்கள்.

"ரொம்ப நன்றி, வேணாம்" என்றார் அக்கா.

"பூ மாதிரி தூக்குவாங்கம்மா."

"பூவையும் யாரும் கேட்டுட்டுப் பறிக்கறதில்ல சார். எனக்குப் பலகை போதும்."

ரயில் வந்து நின்றது. எஞ்சின் கறுப்பாக, எண்ணெய் வழிய, யார் மேலேயோ கோபம் போல உஸ் என்றது. பயணிகள் ஏறத் தொடங்கினார்கள். ஏறியவர்களில் பலர் வாசலிலேயே நின்று வேடிக்கை பார்த்தார்கள். உதவ வந்தவர்களை இப்படியா பேசுவது என்று ஒரு குரல் கேட்டது. இவ்வளவு ரோஷம் இருப்பவர் வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்று இன்னொருவர் சொன்னார். குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்திருந்த ஒரு பெரியவர், இதில் என்ன அவமானம், என் பேரனைப் பாருங்கள் என்று உதாரணம் காட்டினார். பேரனுக்கு இரண்டு வயது.

மேலாளர் உண்மையிலேயே மனம் நொந்துபோயிருந்தார். தான் செய்ய வந்த நன்மையை ஒருவர் திருப்பிக் கொடுத்தால் நல்லவர்களுக்கு வருகிற நோவு அது. மேலிடத்துக்குப் போன் செய்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, "பொறுமையா இருங்கம்மா, ஆள் வந்துட்டே இருக்காங்க" என்றார்.

அந்த வாக்கியம் எப்படிப்பட்டது என்று அந்த நடைமேடையில் அக்காவைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

கணவர் பக்கத்தில் வந்து நின்றார். சத்தம் குறைத்துப் பேசினார். "கார்டு கொடியை எடுத்துட்டாரு. ஒரே நிமிஷம். கண்ண மூடிக்கோ, நான் மட்டும் தூக்கிடறேன். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

அக்கா அவரைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை என்று கணவர் பிற்பாடு சொன்னார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை என்றும் சொன்னார்.

"நீங்க ஏறிக்கோங்க. டிக்கெட் வீணாக வேணாம். நான் இங்கேருந்து பாக்கறேன்."

கணவர் ஏறவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவருக்குப் பக்கத்தில், ரயிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எஞ்சின் ஒரு முறை ஊதியது.

அப்போது கொட்டகைப் பக்கமிருந்து "வழி, வழி, கால் பத்திரம்" என்று பழகிய குரல் கேட்டது. மேல்பிடி முன்னால், கீழ்பிடி பின்னால், நடுவில் குதிரைப் பலகை. டீ குடித்துவிட்டு நிழலுக்காகக் கொட்டகையில் வந்து உட்கார்ந்தவர்கள், கயிற்றுக்குப் பின்னால் பலகையில் கோட்டைப் பார்த்திருக்கிறார்கள். கோடு இருந்தால் போக வேண்டும். ரயில் வேறு ஊதிவிட்டது. அண்ணன் எங்கே, என்ன என்று கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. எஞ்சினுக்கு அடுத்த பெட்டியில் முன் பாதி சாமான்களுக்கானது. அதற்கு அகலமான தள்ளுகதவு. பீரோ நுழையும் வாசலைப் பார்த்தவுடன் தெரிந்துகொள்கிறவர்கள் இருவரும். கதவைத் தள்ளி, பலகையின் முனையை வாசலில் கொண்டுபோய் வைத்தார்கள். இரும்புக் கொக்கிகள் அவற்றுக்கான பள்ளங்களில் உட்கார்ந்தன. பள்ளங்கள் இத்தனை காலமும் அங்கேயே இருந்திருக்கின்றன. எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

மேலாளர் ஓடி வந்தார். யார் எடுக்கச் சொன்னது என்று கேட்டார்.

கீழ்பிடி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "கோடு போட்டிருந்துச்சு சார்."

எந்தக் கோடு, யார் போட்டது, எதற்குப் போட்டது என்று மேலாளர் கேட்டார். கணவர் தன் சாக்பீஸைப் பார்த்தார். அவருக்கே அப்போதுதான் விளங்கியது.

பலகையை எடுக்கச் சொல்ல மேலாளர் வாயைத் திறந்த நேரத்தில், பெரிய லென்ஸ் வைத்த கேமராவோடு ஒரு பயணி குறுக்கே வந்தார். இதெல்லாம் பார்க்கவே தூரதேசத்திலிருந்து வருகிற ஆள்.

"சார், இதுதானே அந்தக் குதிரைப் பலகை? அந்தக் காலத்துல இப்படித்தான் போடுவாங்களா?"

மேலாளர் கேமராவைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"ஆமா சார். நாங்க எதையுமே மாத்தல."

அக்கா பலகையில் ஏறத் தொடங்கினார். குளம்பு வழுக்காமல் இருக்க அடித்த சட்டங்கள் சக்கரத்துக்கு ஒத்துவரவில்லை. இரண்டு சட்டம் தாண்டியதும் முன்சக்கரம் இடித்துக்கொண்டு நின்றுவிட்டது. தள்ளினார், நகரவில்லை. மறுபடி தள்ளினார். வேடிக்கை பார்த்த கூட்டம் தன்னையறியாமல் முன்னால் சாய்ந்தது. நாலு சீருடைகளும் ஓர் அடி எடுத்து வைத்தன. கணவரின் கை பின்னாலிருந்து அவிழ்ந்து, பாதி தூரம் வந்து, அங்கேயே நின்று, திரும்பிப் போனது. மேல்பிடியும் கீழ்பிடியும் சொன்னபடி கைகளைப் பாக்கெட்டில் வைத்திருந்தார்கள். வாழ்க்கையில் அவர்கள் தூக்கியதிலேயே கனமானது அதுதான்.

அக்கா மெதுவாகக் கீழே உருட்டிக்கொண்டு இறங்கினார். கூட்டத்தில் யாரோ "அவ்வளவுதான்" என்றார்கள். அவர் நாற்காலியைத் திருப்பினார். பெரிய சக்கரங்கள் முதலில் போகட்டும் என்று, முதுகை ரயிலுக்குக் காட்டிக்கொண்டு, பின்பக்கமாக ஏறினார். ஒவ்வொரு சட்டத்துக்கும் ஓர் இழு. ஓர் இழுவுக்கு ஒரு மூச்சு. அவசரப்படவில்லை. மேலே ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்பதை மறைக்கவும் இல்லை. ஏறும் நேரம் முழுக்க அவர் பார்த்துக்கொண்டிருந்தது மலையை அல்ல, நடைமேடையில் நின்ற நம்மைப் போன்றவர்களின் முகங்களை. பலர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள். கை தட்ட ஆரம்பித்த ஒருவரை, பக்கத்தில் இருந்தவர் தடுத்துவிட்டார்.

எஞ்சின் காத்திருந்தது. நூறு ஆண்டு பழைய இயந்திரத்துக்குக் கொஞ்சம் தாமதம் ஒரு பொருட்டில்லை.

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பல் மருத்துவர் சொன்னது உண்மை. ஏற்றத்தில் அது மூச்சு வாங்கியது. தண்ணீர் பிடிக்க நின்றபோது எல்லோரும் இறங்கினார்கள், அக்கா இறங்கவில்லை, தள்ளுகதவு முழுக்க மலை தெரிந்தது. கணவர் சாமான் பகுதியில், இறங்கும்போது போடுவதற்காகக் கூடவே ஏற்றிய பலகையின் மேல் உட்கார்ந்து வந்தார். செவிலி சொன்னதும் உண்மை. கரித்தூள் கண்ணில் விழுந்தது. கண் கலங்கியதற்கு அதைத் தவிர வேறு காரணம் இல்லை என்று அக்கா சொல்கிறார். அவர் பொய் சொல்கிறவர் அல்ல. "ஆள் வந்துட்டே இருக்காங்க" தவிர.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

குதிரைப் பலகையின் படம் பல இடங்களில் வெளியானது. நிலையத்துக்குப் பாராட்டு குவிந்தது. ஆகவே மேலிடம் யோசித்து ஒரு முடிவெடுத்தது: பலகையைக் கொட்டகை வாசலிலேயே வைத்திருப்பது, கேட்பவர்களுக்கு மட்டும் போடுவது. அண்மையில் அக்கா நலம் விசாரிப்பதுபோல மேலாளருக்குப் போன் செய்தார். அவர் அதே மரியாதையோடும் வருத்தத்தோடும் பேசினார்.

"நீங்க போனதுக்கப்புறம் யாருமே கேக்கலம்மா. தேவையில்லாம வாசல்ல கெடக்கு, இந்த சீசன் முடிஞ்சதும் மறுபடி கயித்துக்குப் பின்னால போட்டுடுங்கன்னு சொல்றாங்க."

பாலம் இல்லாத ஆற்றை யாரும் கடப்பதில்லை. ஆகவே பாலம் தேவையில்லை. உலகம் முழுக்க அலுவலகங்களில் இந்தத் தர்க்கத்துக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். பலகை தேவைப்படுகிறவர்கள், பலகை இருக்காது என்று தெரிந்து வீட்டிலேயே இருக்கிறார்கள். ரயிலடிக்கு வருகிறவர்கள் படியேறத் தெரிந்தவர்கள், அவர்கள் கேட்பதில்லை. இரண்டு பக்க மௌனத்தையும் கூட்டி, யாருக்கும் வேண்டாம் என்று விடை எழுதிவிடுகிறார்கள்.

அக்கா இப்போது லிப்டில் மாட்டிக்கொள்கிறவர்களிடம் கேள்வி கேட்பதில்லை, ஒரு வேலை கொடுக்கிறார். மாட்டிக்கொள்ளாத உங்களிடம் அதையே நான் கேட்கிறேன். பழைய ரயில் எங்கே ஓடினாலும், விடுமுறைக்கு அங்கே போகத் திட்டம் போட்டால், டிக்கெட் ஜன்னலில் முதலில் பலகையைக் கேளுங்கள். இரண்டு காலும் நன்றாக இருந்தாலும் கேளுங்கள். யாருக்கு என்று கேட்டால் எனக்கு என்று சொல்லுங்கள். எதற்கு என்று கேட்டால், பாரம்பரியம் என்று சொல்லுங்கள். அந்தச் சொல்லுக்கு அவர்களிடம் மறுப்பு கிடையாது. பலகையைப் போடும்வரை நகராதீர்கள். போட்ட பிறகு, பக்கத்தில் படி இருந்தாலும், அதன் மேலேயே நடந்து ஏறுங்கள்.